தட்டினால் மட்டும் போதுமா?



டார்ச் எரியவில்லை, ரேடியோ பாடவில்லை, டி.வி. ரிமோட் சொன்னபடி கேட்கவில்லை என்றால் நாம் முதலில் செய்யும் காரியம் என்ன? அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டு! சில வேளைகளில் அது பிழைத்துக்கொள்ளும். 'சரியாகிவிட்டது' என்று மகிழ்ந்து போகிறோம். பிழைக்காவிட்டால் இன்னொரு தட்டு. அதற்கும் மசியவில்லையென்றால் கடைக்குப் போகிறது; அல்லது குப்பைக்குப் போகிறது.

தட்டுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள எங்கள் மயிலாடி, கற்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். சிற்பியும் கல்லைத் தட்டத்தான் செய்கிறார். ஆனால் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார். கணீரென்று ஒலித்தால் கல் உள்ளே ஒரே கட்டாக இருக்கிறது என்று பொருள். மந்தமாக ஒலித்தால் உள்ளே எங்கோ விரிசல் இருக்கக்கூடும். ஒலியலை கல்லுக்குள் தடையின்றி ஓடினால் நாதம் நீடிக்கும். விரிசலில் மோதிச் சிதறினால் விரைவில் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத குறையைக் கல்லை உடைக்காமலேயே கண்டறிகிற வழி இது. எங்களுக்குப் பக்கத்திலுள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்கள் நிற்கின்றன. கல்லின் குரலை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

நாம் தட்டுவதும் சிற்பி தட்டுவதும் ஒன்றுதானா? இல்லை. நாம் கருவியை அடிக்கிறோம். சிற்பி கல்லிடம் கேள்வி கேட்கிறார். கேள்வி கேட்டு, விடையைக் கவனித்து, அந்த விடையிலிருந்து அடுத்த கேள்வியை அமைப்பதுதான் அறிவியல் முறை. ஆகவே, பழுது கண்டறிதல் என்பது படிப்பு ஏறாதவர்களுக்கு ஒதுக்கிவிடும் வேலையன்று; அது இயற்பியலின் நடுப்பகுதியிலேயே இருக்க வேண்டிய பாடம். அதைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும், அதற்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண்ணும் தர வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கருத்தை ஒரு மின்கிதாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு, ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

மின்கிதார் எப்படிப் பேசுகிறது?

ஏன் மின்கிதார்? ஆலயப் பாடகர் குழு, பள்ளி ஆண்டு விழா, கல்லூரிப் போட்டி என்று எங்கள் பக்கத்து மேடைகளில் அது பழகிப்போன கருவி. அதனினும் முக்கியமான காரணம், அதன் உள்ளே இருப்பவை எல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. காந்தம், கம்பிச்சுருள், மின்தடை, மின்தேக்கி, சில கம்பிகள். அவ்வளவுதான்!

சாதாரணக் கிதாரில் மரப்பெட்டி ஒலியைப் பெருக்குகிறது. மின்கிதாருக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. எஃகுத் தந்திகளுக்கு அடியில் 'பிக்கப்' என்ற ஓர் உறுப்பு இருக்கிறது. நிலைக்காந்தங்களைச் சுற்றித் தலைமயிரைப்போல் மெல்லிய செப்புக் கம்பியைப் பல ஆயிரம் சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். காந்தத்தின் அருகில் இருப்பதால் எஃகுத் தந்தியும் சிறிது காந்தத்தன்மை பெறுகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் கூடியும் குறைந்தும் மாறுகிறது. காந்தப்பாயம் மாறினால் சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படும் என்று 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார் அல்லவா? அதே விதிதான் இங்கே பாடுகிறது. தந்தி நொடிக்கு 110 முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் நொடிக்கு 110 முறை ஏறி இறங்கும். நைலான் தந்தி போட்டால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும். காரணத்தை நீங்களே சொல்லிவிடலாம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் 1931ஆம் ஆண்டு இத்தகைய பிக்கப் கொண்ட கிதாரை வடிவமைத்தார். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1937இல் காப்புரிமை கிடைத்தது. நம் நாட்டில் மாண்டலினைக் கருநாடக இசை மேடைக்குக் கொண்டுவந்து உலகப் புகழ் பெற்ற உ. ஸ்ரீனிவாஸ் (1969–2014) வாசித்ததும் மின்மாண்டலின்தான்.

இங்கே இன்னொருவரையும் நினைவூட்ட விரும்புகிறேன். லியோ ஃபெண்டர் என்பவர் கலிஃபோர்னியாவில் உள்ள ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். இசைக்கலைஞர்கள் அவரிடம் ஒலிபெருக்கிகளையும் கிதார்களையும் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார்கள். எந்த உறுப்பு எப்படிக் கெடுகிறது என்று பார்த்துப் பார்த்தே, எளிதில் கெடாத, கெட்டாலும் எளிதில் சரிசெய்யக்கூடிய கிதார்களை அவர் வடிவமைத்தார். 1954இல் வெளிவந்த அவருடைய 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! பழுதுபார்ப்பதைத் தாழ்வாக எண்ணுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லா இரைச்சலும் பழுதன்று

மின்கிதாரை ஒலிபெருக்கியில் இணைத்ததும் 'ம்ம்ம்…' என்று ஓர் இரைச்சல் கேட்கும். உடனே 'வயரிங் போய்விட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள். பொறுங்கள்! நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடும் மாறுதிசை மின்னோட்டம். அதைச் சுமக்கும் கம்பிகளையும் மின்மாற்றிகளையும் சுற்றி மாறும் காந்தப்புலம் இருக்கிறது. பல ஆயிரம் சுற்றுள்ள சுருள் அந்தப் புலத்தையும் 'கேட்கத்தான்' செய்யும். தந்தியின் காந்தமாற்றம் எது, மின்மாற்றியின் காந்தமாற்றம் எது என்று செப்புக் கம்பிக்குத் தெரியாது. இது பழுதன்று, கருவியின் இயல்பு.

இந்த இயல்பையும் இயற்பியலைக் கொண்டே வென்றார்கள். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார். இரண்டு சுருள்களும் எதிரெதிராக இணைக்கப்பட்டவை. அவற்றின் காந்தமுனைகளும் எதிரெதிரானவை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்க்குறியுடன் தோன்றி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலியோ, காந்தம், சுருள் ஆகிய இரண்டும் புரட்டப்பட்டிருப்பதால் ஒரே குறியுடன் கூடிவிடும். எதிர்மறையை எதிர்மறையால் பெருக்கினால் நேர்மறை என்று கணக்கில் படித்தீர்களே, அது இங்கே இசையாகிறது!

அப்படியானால் இரைச்சலில் பழுதை எப்படிப் பிரித்தறிவது? கிதாரின் தந்திகள் எல்லாம் ஒரு மெல்லிய கம்பியின் வழியாக உள்ளிருக்கும் பொதுக் கம்பியுடன் இணைக்கப்பட்டிருக்கும். நம் உடலும் ஓர் ஏரியலைப் போல் வீட்டு மின்சாரத்தின் மின்புலத்தை வாங்கிக் கிதாருக்குக் கொடுக்கிறது. தந்தியைத் தொட்டதும் உடலின் மின்னழுத்தம் பொதுக் கம்பியின் நிலைக்கு வந்துவிடுவதால் இரைச்சல் தணிகிறது. ஆகவே, தந்தியைத் தொட்டதும் இரைச்சல் தணிந்தால் அந்த இணைப்பு நலமாக இருக்கிறது. தொட்டும் தணியாவிட்டால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விரலால் தொட்டு ஒரு கேள்வி, ஒரு விடை!

எட்டுப் பெட்டிகள், மூன்று கேள்விகள்

பாட்டு கேட்கவில்லை. பழுது எங்கே? பிக்கப், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச், வால்யூம், டோன், கேபிளைச் செருகும் ஜாக், கேபிள், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்று எட்டு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எட்டாவதில் விடை கிடைக்கலாம். அதற்குள் நல்லதாக இருந்த ஏழையும் நாம் கெடுத்திருப்போம்!

இதைவிட நல்ல வழி உண்டு. 1 முதல் 8 வரை ஓர் எண்ணை உங்கள் நண்பன் மனத்தில் நினைத்துக்கொள்ளட்டும். 'அது 4க்கு மேலா?' என்று கேளுங்கள். விடை எதுவானாலும் பாதி எண்கள் கழிந்துவிடும். மீண்டும் பாதி, மீண்டும் பாதி. மூன்றே கேள்விகளில் எண் அகப்பட்டுவிடும். 64 எண்களுக்கு ஆறு கேள்விகள் போதும். பழுது ஒன்றாக இருந்து, ஒவ்வொரு சோதனைக்கும் 'ஆம்', 'இல்லை' என்ற தெளிவான விடை கிடைத்தால், சுற்றிலும் இதே முறை செல்லும். முதல் கேள்வி நடுவில் கேட்கப்பட வேண்டும். அத்துடன் கழற்றாமல் கேட்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். கேபிளின் மறுமுனையில் நன்றாகப் பாடும் வேறொரு கிதாரைச் செருகிப் பார்ப்பதைவிட எளிய கேள்வி ஏது?

அடுத்து மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. கிதாரில் கேபிளைச் செருகி, அதன் மறுமுனைப் பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மின்தடையை அளக்கலாம். கிதார் ஆம்ப்ளிஃபயருடன் இணைந்திருக்கக் கூடாது. பிக்கப்பின் மின்தடை 7 கிலோ ஓம் என்றும், வால்யூம் கட்டுப்பாட்டின் மின்தடை 250 கிலோ ஓம் என்றும் கொள்வோம். வால்யூமை முழுவதும் திறந்து வைத்தால் இவ்விரண்டும் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஆகவே மீட்டர் காட்ட வேண்டிய அளவு 7 × 250 ÷ 257 = ஏறத்தாழ 6.8 கிலோ ஓம். டோன் பகுதியில் மின்தேக்கி இருப்பதால் மீட்டரின் நேர்திசை மின்னோட்டம் அதன் வழியே செல்லாது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மீட்டர் 6.8 காட்டினால் பாதை நலம். 250 காட்டினால் வால்யூம் வரை பாதை சரி. ஆனால் சுருளோ அதன் இணைப்போ அறுந்திருக்கிறது. சுழியம் காட்டினால் எங்கோ குறுக்குச்சுற்று. எல்லையற்ற மின்தடை காட்டினால்? சுருள் அறுந்திருந்தாலும் 250 வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. எனவே பழுது வால்யூமுக்கும் ஜாக்குக்கும் இடையில் இருக்கத்தான் வாய்ப்பு மிகுதி. ஒரு திருகாணியையும் கழற்றாமலே இவ்வளவும் தெரிந்துவிட்டது! பக்க இணைப்பு வாய்பாட்டைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், அது இங்கே துப்பறியும் வேலை பார்ப்பதைக் கவனிக்க வேண்டும்.

மயிலாடியில் ஒரு கிதார்

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மாதத்தில், எங்கள் ஊரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவர் தம் மின்கிதாரையும் சிறிய ஆம்ப்ளிஃபயரையும் என்னிடம் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸ் கீதபவனிக்கு நான்கு நாட்களே இருந்தன. பாட்டு வரவில்லை, பெரிய இரைச்சல் மட்டும் வருகிறது. 'உள்ளே வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும் என்று கடையில் சொன்னார்கள், சார்' என்றார்.

'சரி மக்களே, முதலில் எது கெடவில்லை என்று பார்ப்போம்' என்றேன். வேறு கிதாரைச் செருகியபோது அதே கேபிளிலும் ஆம்ப்ளிஃபயரிலும் பாட்டு வந்தது. மூன்று பெட்டிகள் கழிந்தன. பிறகு மல்டிமீட்டரை வைத்தார். எல்லையற்ற மின்தடை. மேலே சொன்ன வாதத்தை அவரே தாளில் எழுதி, 'அப்படியானால் பிக்கப்பைத் தொட வேண்டாம், சார்' என்றார். மூடியைத் திறந்து, வால்யூம் கட்டுப்பாட்டின் வெளியேறும் முனைக்கும் அதன் உலோகக் கூட்டுக்கும் இடையே அளந்தோம். 6.8 கிலோ ஓம்! அதுவரை எல்லாம் நலம். எஞ்சியவை ஜாக்குக்குச் செல்லும் இரண்டு கம்பிகள். ஒன்றில் மின்தடை சுழியம். மற்றொன்றில் எல்லையற்றது. பொதுக் கம்பி, ஜாக்கில் சால்டர் செய்த இடத்தில் பெயர்ந்து, பார்ப்பதற்கு ஒட்டியிருப்பதுபோல் நின்றுகொண்டிருந்தது.

உடனே சால்டர் வைத்து முடித்துவிடலாமா? கூடாது. 'கம்பி ஏன் பெயர்ந்தது?' என்பது அடுத்த கேள்வி. ஜாக்கை இறுக்கும் நட்டு தளர்ந்திருந்தது. கேபிளைச் செருகும்போதெல்லாம் ஜாக் சுழன்று, கம்பியை முறுக்கி முறுக்கி ஒடித்துவிட்டது. நட்டை இறுக்காமல் சால்டர் மட்டும் வைத்திருந்தால் இரண்டு மாதத்தில் அதே பழுது திரும்பியிருக்கும். பழுதைக் கண்டுபிடிப்பது ஒன்று. பழுதின் காரணத்தைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. முதலாவதோடு நிற்பவர் வேலையை முடிக்காதவர்.

அரை மணி நேரம், ஒரு சாண் கம்பி, சிறிது சால்டர். செலவு அவ்வளவுதான். கடைக்காரரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. தேடுவதற்கு நேரம் இல்லாதவர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது எங்கும் நடப்பதே. தேடத் தெரிந்தால் மாற்ற வேண்டியது குறையும் என்பதே நான் சொல்ல வருவது.

ஓசை எழுப்பாத பழுது

அந்த மாணவி கிளம்பும்போது ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைக் கவனித்தேன். அதில் இரண்டு முள்களே இருந்தன. மேலே இருக்க வேண்டிய பெரிய முள்ளை யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். வீட்டிலுள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்றாவது துளை இல்லையாம்! நண்பர்களே, இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு முள்ளுக்காக எழுதப்பட்டது என்று நீங்கள் எண்ணிக்கொண்டாலும் தவறில்லை.

அந்தப் பெரிய முள் எர்த் முள். மற்ற இரண்டைவிட நீளமானது. அதனால் செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் பிரியும். ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தை அது பூமியுடன் இணைக்கிறது. உள்ளே ஏதாவது கெட்டு 230 வோல்ட் சட்டத்தில் ஏறினால், மின்னோட்டம் பூமிக்குப் பாய்ந்து ஃபியூஸ் போகும், ஆள் பிழைப்பார். முள்ளை அறுத்துவிட்டால் சட்டம் 230 வோல்ட்டுடன் அமைதியாகக் காத்திருக்கும்.

இப்போது கிதாரை நினைத்துப் பாருங்கள். தந்திகள் பொதுக் கம்பியுடன் இணைந்தவை. பொதுக் கம்பி கேபிளின் வழியாக ஆம்ப்ளிஃபயரின் சட்டத்துடன் இணைந்தது. ஆகவே சட்டத்தில் மின்சாரம் ஏறினால் அது தந்திகளிலும் ஏறும். வாசிப்பவரின் கை தந்தியில் இருக்கிறது; உதடோ எர்த் செய்யப்பட்ட மைக்கைத் தொடுகிறது. வியர்வையில் நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், ஓமின் விதிப்படி மின்னோட்டம் 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர். உயிரைக் காக்கும் கசிவு மின்னோட்டத் துண்டிப்பான்கள் 30 மில்லிஆம்பியருக்குள்ளேயே துண்டிக்குமாறு அமைக்கப்படுகின்றன என்றால், 230 எவ்வளவு கொடியது என்று நீங்களே அளந்துகொள்ளலாம்.

இது கற்பனையன்று. 'ஸ்டோன் த க்ரோஸ்' என்ற இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று இங்கிலாந்துக்கு அருகில் உள்ள வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில், மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், 1976 மே மாதத்தில் தம் வீட்டில் மின்கிதார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிதாரின் பொதுக் கம்பி அறுந்திருந்தவரை அதன் தந்திகள் ஆம்ப்ளிஃபயருடன் தொடர்பின்றி இருந்தன. நாங்கள் கம்பியைச் சேர்த்ததும் பாட்டு வந்தது. கூடவே தந்திகளுக்கும் அந்த எர்த் இல்லாத சட்டத்துக்கும் பாதையும் வந்தது! கிதாரை மட்டும் சரிசெய்து அனுப்பியிருந்தால் பழைய நிலையைவிட ஆபத்தான கருவியைக் கொடுத்தனுப்பியிருப்போம். ஒரு பழுது கூச்சல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொண்டது. மற்றொரு பழுது சத்தமே இல்லாமல் இருந்தது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியன் ஒருவர் பிளக்கையும் எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் மாற்றி, வீட்டின் எர்த்தையும் சோதித்த பிறகே அந்த ஆம்ப்ளிஃபயர் மீண்டும் செருகப்பட்டது.

சிலர் இரைச்சலைக் குறைப்பதற்கென்றே எர்த் முள்ளைக் கழற்றிவிடுகிறார்கள். இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டால் அவற்றிடையே ஒரு வளையம் உண்டாகி இரைச்சல் வருவது உண்மையே. அதற்கு மருந்து, எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கச் செய்வது. எர்த்தை வெட்டுவது மருந்தன்று. கோயில் கொடையாகட்டும், ஆலயத் திருவிழாவாகட்டும், ஈர மண்ணில் வெறுங்காலுடன் மைக் பிடிக்கும் நம் ஊர் மேடைகளுக்கு இது மிகவும் பொருந்தும்.

சில எதிர்ப்புகள்

'மாணவர்கள் படிப்பதை விட்டுவிட்டு மெக்கானிக் வேலை பார்க்க வேண்டுமா?' என்று சிலர் கேட்பார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன்: நம் ஆய்வகங்களில் இப்போது நடப்பது என்ன? ஓம் விதிச் சோதனையிலும் மீட்டர் சமனச் சுற்றிலும் வர வேண்டிய விடை மாணவருக்கு முன்பே தெரியும். அதற்கேற்ப அளவுகள் 'வந்துவிடுகின்றன'! இணைப்பு தளர்ந்து முள் அசையாவிட்டால் ஆய்வக உதவியாளரைக் கூப்பிடுகிறோம். அவர் வந்து ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிடுகிறார். உண்மையில் அந்த முள் அசையாத ஐந்து நிமிடத்தில்தான் இயற்பியல் கதவைத் தட்டியது. நாம் திறக்கவில்லை. கல்லூரியில் முதலாண்டு வகுப்புக்கு வரும் மாணவர்களில் பலர், வாய்பாடுகளை ஒப்புவிப்பார்கள். எரியாத பல்பின் முன் திகைத்து நிற்பார்கள். குறை அவர்களுடையதன்று, அவர்களுக்குக் கெட்டுப்போன சுற்றை யாரும் கொடுத்ததில்லை.

'மின்சாரம் ஆபத்தானது, பிள்ளைகளிடம் விடலாமா?' என்பது இரண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. ஆகவேதான் பள்ளியில் 1.5 வோல்ட் பேட்டரிச் சுற்றுகளைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்கிறேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்தறிவதே இந்தப் பாடத்தின் முதல் பகுதி. பேட்டரி இல்லாத சாதாரண மின்கிதார் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தம். கேபிளைப் பிடுங்கிவிட்டால் அதைத் திறக்கலாம். ஆம்ப்ளிஃபயரையோ நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். வால்வு வகையில் அது சில நூறு வோல்ட் இருக்கும். அறியாதவர்களைவிட அறிந்தவர்களே மின்சாரத்திடம் மரியாதையாக இருப்பார்கள்.

'புதியது மலிவாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தச் சிரமம்?' என்பது மூன்றாவது. ஒரு கம்பிக்காக ஒரு கருவியை எறிந்தால், அதிலுள்ள செம்பும் ஈயமும் காந்தமும் மரமும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. 'ஏன்?' என்று கேட்கும் வாய்ப்பையும் சேர்த்தே எறிந்துவிடுகிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் ஒரு 'பழுது மேசை' வேண்டும். ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு பழுதை ஒளித்துவைத்த சுற்றுகள் அதில் இருக்கட்டும். ஆண்பிள்ளைகள் கருவியைத் தொடுவது, பெண்பிள்ளைகள் குறிப்பெழுதுவது என்ற பங்கீடு அங்கே வேண்டாம். செய்முறைத் தேர்வில் ஒரு வினா இதிலிருந்து வரட்டும். பழுதைக் கண்டுபிடித்ததற்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஊகித்துவிடுவார்கள். என்ன கேட்டார், என்ன விடை வந்தது, அதனால் எதைக் கழித்தார் என்று எழுதியதற்கு மதிப்பெண் தர வேண்டும்.

நீங்கள் இன்றே தொடங்கலாம்

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஸ்விட்ச், நான்கு கம்பிகள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் ஓர் இணைப்பில் கண்ணாடித் தாளைச் செருகி மறைத்துவிடட்டும். மிகக் குறைந்த சோதனைகளில் யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று போட்டி வையுங்கள். இவற்றை மட்டும் மறவாதீர்கள்: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். கழற்றுவதற்கு முன் இணைப்புகளை வரைந்து வையுங்கள். ஒவ்வொரு விடையையும் எழுதுங்கள். தானாகச் சரியானதைச் சரியானதாக எண்ணாதீர்கள். காரணம் தெரியாமல் போன பழுது, காரணம் தெரியாமல் திரும்பி வரும்.

இன்னொரு வேலையும் உண்டு. இன்று மாலை உங்கள் வீட்டில் உள்ள பிளக்குகளை வெளியிலிருந்து பாருங்கள். சில கருவிகள் இரட்டை மின்காப்புடன் இரண்டு முள்ளோடே செய்யப்படுகின்றன. அவற்றின்மேல் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள். மூன்று முள் இருக்க வேண்டிய இஸ்திரிப்பெட்டி, மிக்சி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றில் எதன் பெரிய முள்ளாவது ஒடிந்திருந்தால், அதை நீங்கள் சரிசெய்ய வேண்டாம். அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லி, எலெக்ட்ரீசியன் வரும்வரை அதைச் செருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அவர்கள் சொன்னால், ஏன் செருகக்கூடாது என்று விளக்குங்கள். விளக்க உங்களுக்குத் தெரியும்: 230 ÷ 1000.